ஆளோட எத்தனை டிகிரி

ஜூலை 8, திங்கள்

வண்டு மாமா,

உன் டைரியிலதான் எழுதுறேன், கோவிச்சுக்காத. உரக்கடையில ஓசியில குடுத்தது, பாதிக்கு மேல வெறுமனே கிடக்கு. ஜூன் ஒண்ணாம் தேதி வரைக்கும் நீ எழுதியிருக்க. "கம்பம்மெட்டு, 14 பேர், டீசல், பின் சக்கரம் பஞ்சர்." ஜூன் ரெண்டு காலியா இருக்கு. அந்தப் பக்கத்தை நான் தொடல. புரட்டிட்டு நேரா இன்னைக்குத் தேதிக்கு வந்துட்டேன்.

எழுதச் சொன்னது மீரான் பாய். ஜீப்பை அவர் பட்டறைக்கு இழுத்துட்டுப் போயாச்சு. "தங்கச்சி, நான் கழட்டுறதை எல்லாம் எழுதி வை. எது எங்க இருந்துச்சுன்னு எனக்கு மறந்துபோகுது"ங்கிறார். நான் ஆறாவதுதான் பாய்னேன். நான் மூணாவது, நீதான் இங்க பெரிய படிப்புன்னுட்டார்.

யாரைக் கேட்டு வண்டியை நாலு இஞ்சு உசத்துன மாமா? எஸ்டேட் ஓடையில வண்டி வயித்துல கல்லு தட்டுதாம். தட்டிட்டுப் போகுது. ஸ்பிரிங் பட்டையை மாத்தி, பெரிய டயரைப் போட்டு, யானை கணக்கா நிப்பாட்டிட்ட. பொம்பளைங்க ஏற முக்காலி வேணும்னு கேக்குறாங்க. ஏறினதுக்கப்புறம் முப்பதுக்கு மேல ஓட்டினா தரை நடுங்கி உள்ளங்கால் கூசுது. அதைச் சரிபண்றேன்னு ரெண்டு மாசமா ஞாயித்துக்கிழமை பூரா அடியில படுத்துக் கிடந்த. சோத்துக்குக் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. கேட்டா, "வண்டிக்கு அடியில ஒண்ணும் காதுல விழாது ஒச்சு"ம்ப. சரிபண்ணவும் இல்ல. அரைகுறையா விட்டுட்டுப் போயிட்ட.

இன்னைக்குக் கழட்டினது: பின் ஷாஃப்ட். கியர்பாக்ஸ் சுத்துறதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோற இரும்புக் குழாய். அதுக்கு ரெண்டு முனையிலயும் கிராஸ்னு ஒரு மூட்டு. பின் மூட்டு நொறுங்கிப் போயிருக்கு. போல்ட்டு நாலு, பிஸ்கட் டப்பாவுல.

ஜூலை 9, செவ்வாய்

உன் தம்பி தவசி வந்தான். "வித்துரலாம் மதினி. அண்ணன் போன வண்டி, ராசியில்ல"ன்னான். ராசி இல்லாத வண்டியை எவன் வாங்குவான்னு கேட்டேன். ரெண்டு தோசை கூட தின்னுட்டுப் போனான்.

எஸ்டேட்டு சூப்பர்வைசர் போன்ல சொல்லிட்டார். ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி ஏலக்கா எடுப்பு ஆரம்பம். அன்னைக்குக் காலையில நம்ம வண்டி பதினாலு பேரோட மேல வந்து நிக்கணும். இல்லன்னா அந்த லைன் வேற ஜீப்புக்குப் போயிரும். போனா திரும்ப வராது.

ஜூலை 11, வியாழன்

புதுக் கிராஸ் போட்டாச்சு. பாயும் நானும் தவசியும் பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பாத்தோம். ஆடல. நாப்பது, அம்பது, ஒரு நடுக்கம் இல்ல. பாய் எதையோ ஜெயிச்ச மாதிரி தலையை ஆட்டினார். "ஒரு மூட்டுக்குப் போயி உன் வீட்டுக்காரன் ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தானாக்கும்" என்றார்.

எனக்குக் கோவமா வந்துச்சு. உன்னைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு, இவருக்கு என்ன.

ஜூலை 12, வெள்ளி

ஆடுது.

காலையில பதினாலு பேரையும் ஏத்திக்கிட்டுத் தவசி ஓட்ட, நானும் கூடப் போனேன். ஊர் எல்லை தாண்டி முப்பது வேகத்துக்கு வந்ததும் பழையபடி நடுக்கம். பஞ்சவர்ணம் நிப்பாட்டச் சொல்லிட்டா. நம்ம செவத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவதான் உனக்கு, ஆனா மலைக்குப் போற பொம்பளைகளுக்கு அவதான் தலைவி. "ஏண்டி ஒச்சம்மா, உன் வண்டியில போனா மோரைக் கடைய வேண்டாம், மடியில வெச்சாப் போதும் வெண்ணெய் வந்துரும்"னா. அத்தனை பேரும் சிரிச்சுக்கிட்டே இறங்கி வேற வண்டி பிடிச்சுப் போயிட்டாளுக.

சாயங்காலம் பாய் சிரிக்கல. என்னை உக்காரச் சொல்லிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, இந்தப் பழைய ஜீப்புல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்ல, இந்த ஷாஃப்டைத்தான் பிடிக்குது. மேடு ஏறும்போது கிராஸ் உடைஞ்சா வண்டியும் ஏறாது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. பின்னால பதினாலு உசுரு. ஆட்டம் போற வரைக்கும் நான் வண்டியை வெளிய விடமாட்டேன்."

சரின்னு சொல்லிட்டு வந்தேன். காலியா ஓடினா ஆடாத வண்டி ஆள் ஏறினா ஏன் ஆடுதுன்னு கேட்டேன். அதான் தெரியலங்கிறார்.

ஜூலை 14, ஞாயிறு

தண்ணி வந்துச்சு. பதினோரு குடம். உன் குடத்தையும் சேத்துப் பிடிச்சுட்டேன், பழக்கம்.

ஜூலை 15, திங்கள்

பாய் வண்டியை ஜாக்கியில தூக்கி நிறுத்திட்டார். சக்கரம் நாலும் தொங்குது. போன்ல என்னமோ வெச்சு டிகிரி பாக்குறார். ஒருதரம் பன்னெண்டுங்குது, மறுதரம் பதினாறுங்குது. பாய்க்கு விஷயம் தெரியும், சொல்லத்தான் வராது. ரெண்டு கட்டைவிரலையும் நீட்டி வெச்சுக்கிட்டுக் காட்டினார்.

"கியர்பாக்ஸ் வாய் பின்னாடி பாத்துக் கீழ சாயுதுல்ல? பின் சக்கரத்துக்கு நடுவுல உள்ள ஹவுசிங், அதோட மூக்கு முன்னாடி பாத்து மேல தூக்குதுல்ல? இது எத்தனை சாயுதோ அது அத்தனை தூக்கணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒரு மூட்டு குடுக்குற ஆட்டத்தை இன்னொரு மூட்டு தின்னுரும். ஒண்ணா இல்லைன்னா ரெண்டும் சேந்து ஆட்டும். உன் வீட்டுக்காரன் மொக்கராசு வண்டியை உசத்துனான்ல, அதுல கணக்குக் கெட்டுப் போச்சு."

ஹவுசிங்குக்கும் பட்டைக்கும் நடுவுல நீ ரெண்டு ஆப்புத் தகடு வெச்சிருக்க. ஒரு பக்கம் தடிமனா, மறுபக்கம் மெலிசா. மூக்கைக் கீழ இறக்குறதுக்காம். நாலு டிகிரி ஆப்பு. இதுதான் தப்பா இருக்கும், கழட்டிப் போட்டுருவோம்ங்கிறார்.

நான் கழட்ட விடல. ஏன்னு தெரியல. நாளைக்குப் பாப்போம்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள பாய், "அன்னைக்கு அவன் கீழ கிடந்தப்ப நீ கூப்பிடவே இல்லையா தங்கச்சி?"ன்னு கேட்டார். டாக்டர் நெஞ்சடைப்புன்னார், பத்தரைக்கும் பதினொண்ணரைக்கும் நடுவுல உசுரு போயிருக்கும்னு சொன்னார், நான் பாத்தது பன்னெண்டு மணிக்கு, வீட்டுக்குள்ள வேலையா இருந்தேன்னேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பொறந்திருச்சு. ஆடியில வண்டி வேலை பாக்கக்கூடாதுன்னு தவசி. சாமி கும்பிடுற மாசத்துல நீ மட்டும் சரக்கு அடிக்கலாமான்னு கேட்டேன். போயிட்டான்.

ஜூலை 18, வியாழன்

பன்னெண்டு வருசம் கட்டட வேலைக்குப் போனவ நான். சித்தாளுக்கு மட்டம் தெரியாதா? போன் காட்டுறதை நம்பமாட்டேன்னு சொல்லிட்டேன். பெட்டிக்கடையில பள்ளிக்கூடப் பிள்ளைங்க ஜியாமெண்ட்ரி பாக்ஸ் ஒண்ணு வாங்கி, அதுல உள்ள பாகைமானியைச் சின்னச் சட்டத்துல அடிச்சு, நூல் கட்டி, நட்டு ஒண்ணைத் தொங்கவிட்டேன். தூக்குக்குண்டு மாதிரிதான். சட்டத்தை இரும்புல அணைச்சுப் பிடிச்சா நூல் எந்தக் கோட்டுல நிக்குதோ அதுதான் சாய்வு. பாய் வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"முதல்ல வண்டியை இறக்குங்க பாய்"னேன்.

"ஏன்?"

"செவத்தை அந்தரத்துல தொங்கவிட்டுட்டா மட்டம் பாப்பாங்க? சக்கரம் தரையில நிக்குறப்பதான ஓடுது?"

அவர் ஜாக்கிக் கம்பியைக் கையில எடுத்தார். அப்புறம், "இதை நீ எவன்ட்டயும் சொல்லாத, முப்பத்தாறு வருசத் தொழில்"னார்.

தரையில இறக்கிப் பாத்தோம். கியர்பாக்ஸ் வாய் மூணு. ஹவுசிங் மூக்கு மூணு. ரெண்டும் ஒண்ணு. நீ வெச்ச ஆப்பு தப்பில்ல மாமா. பாய் அதை நாலுதரம் பாத்துட்டு, தொப்பியைக் கழட்டித் தலையைத் தடவினார். "இவ்வளவு சரியா இருந்தா ஏன் ஆடணும்?"

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்குள்ள ஒரு திமிரு. தப்பில்ல, தப்பில்லன்னு. அப்புறம் சோறு வடிக்கிறப்ப கோவம் வந்துருச்சு. தப்பில்லைன்னா என்ன? ஆடுதுல்ல?

ஜூலை 19, வெள்ளி

ரேஷன்ல பருப்பு இல்ல. மறுநாள் வாங்கன்னான். மறுநாள் லீவு.

ஜூலை 22, திங்கள்

போல்ட்டு முறுக்க ஒரு ஆள் குறைஞ்சுது. நான் அடியில போனேன். முதல்தரம்.

சேஸ்ங்கிற அடிச்சட்ட இரும்போட உள்பக்கத்துல சாக்பீஸ்ல உன் எழுத்து. கிரீஸு அப்பிக் கிடந்துச்சு, சேலைத் தலைப்பால துடைச்சேன்.

காலி 3 – 3
ஆளோட

அவ்வளவுதான். ஆளோடன்னு எழுதி, பக்கத்துல ஒண்ணும் போடாம விட்டிருக்க.

பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிஞ்சு பாத்தார். "ஆள் ஏறினா பின்பக்கம் பட்டை அமுங்கும். சேஸ் பின்னாடி சாயும். கியர்பாக்ஸ் வாயும் சேந்து சாயும். கணக்கு மாறும். பதினாலு பேரையும் உக்கார வெச்சுப் பாக்கணும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு தங்கச்சி. ஏன் பாக்காம விட்டான்?"

எனக்குத் தெரியாதுன்னேன்.

எனக்குத் தெரியும். அன்னைக்குக் காலையில பல் விளக்கிக்கிட்டே கேட்டயே, "ஒச்சு, பஞ்சவர்ணம் செட்டைக் கூட்டிட்டு வா, பத்து நிமிசம் வண்டியில சும்மா உக்காரட்டும், நான் கீழ பாத்துக்கிறேன்"னு. நான் என்ன சொன்னேன்னு இங்க எழுதணுமா.

ஜூலை 23, செவ்வாய்

மூட்டையை ஏத்திப் பாப்போம்னார் பாய். வேணாம்னேன். மூட்டை அடுக்குன மாதிரி இருக்கும். இவளுக அப்படியா உக்காருவாளுக? பின் படியில ரெண்டு பேர் தொத்திக்கிட்டு, நடுவுல தூக்குவாளி, பஞ்சவர்ணம் ஒருத்தியே ரெண்டு மூட்டை.

ஜூலை 24, புதன்

பஞ்சவர்ணத்துட்ட போய்க் கேட்டேன். வெத்தலையைத் துப்பிட்டு வந்தா.

"ஓடாத வண்டியில எதுக்குடி உக்காரணும்?"

"அளக்கணும்க்கா."

"எதை, எங்க இடுப்பையா?"

"வண்டியை அளக்கணும். உங்களைத் தூக்கிக்கிட்டு அது எப்படி நிக்குதுன்னு பாக்கணும்."

"கீழ யாரு படுப்பா? அந்த பாயா? நாங்க மேல காலை விரிச்சு உக்காந்திருக்க, அவர் கீழ படுத்துப் பாப்பாரா? ஊர் என்ன பேசும்?"

நான் அன்னைக்கு உன்கிட்ட சொன்னதும் இதே வார்த்தைதான் மாமா. இவ வாயில கேக்குறப்ப எவ்வளவு கேவலமா இருக்கு.

"நான் படுக்குறேன்க்கா. பாய் வெளிய நின்னு எழுதிக்குவார்."

அவ என்னைப் பாத்தா. "அடியிலயா? நீயா?"ன்னா. ஞாயித்துக்கிழமை வர்றோம், டீ வாங்கித் தரணும்னா.

ஜூலை 28, ஞாயிறு

வந்துட்டாளுக. பதினாலு பேர், அத்தனை பேரும் வேலைக்குப் போற கோலத்துலயே வரணும்னு சொல்லியிருந்தேன். தூக்குவாளி, தலையில கட்டுற துண்டு, இடுப்புல கட்டுற சாக்கு, எல்லாம் இருந்துச்சு. அவளவ இடத்துல அவளவ. ஒருத்தி இடத்துல இன்னொருத்தி உக்காந்துட்டான்னு அங்கயும் ஒரு சண்டை. தவசி ஸ்டியரிங்ல. முக்காலியில ஏத்திவிட்டே பாய்க்கு மூச்சு வாங்கிருச்சு.

சாக்கை விரிச்சு நான் அடியில போனேன். பாகைமானியை அணைச்சுப் பிடிச்சேன். நூல் ஆடி நிக்கறதுக்கு நேரம் பிடிக்குது, இவளுக அசையாம இருந்தாத்தான. "அசையாதீங்கடி"ன்னா சிரிக்கிறாளுக, சிரிச்சா வண்டி குலுங்குது.

கியர்பாக்ஸ் வாய் அஞ்சு. "அஞ்சு பாய்"னேன். ஹவுசிங் மூக்குக்கு நகந்து போனேன். அது அசையவே இல்ல, அதே மூணு. அஞ்சும் மூணும். அதான் ஆட்டம். நீ வெச்ச நாலு டிகிரி ஆப்பு காலி வண்டிக்குச் சரி. ஆளோட போறதுக்கு ரெண்டு டிகிரி ஆப்பு போதும், மூக்கு ரெண்டு மேல வந்து அஞ்சுக்கு அஞ்சு ஆயிரும்.

நூல் நிக்கட்டும்னு சத்தம் போடாம படுத்திருந்தேன். இன்னொருதரம் பாக்கணும்னு.

அப்பத்தான் கேட்டுச்சு. தகரத் தரை மாமா. அதுக்குக் கீழ தலை வெச்சுப் படுத்தா மேல பேசுறது மட்டுமில்ல, வெத்தலை மெல்லுறதுகூடக் கேக்குது. காலைத் தேய்க்கிறது கேக்குது. வெளிய பாய் டீக்கடைக்காரன்ட்ட சீனி கம்மியான்னு கேக்குறது கேக்குது. வண்டிக்கு அடியில ஒண்ணும் காதுல விழாதுன்னு எத்தனை வருசம் சொன்ன.

பஞ்சவர்ணம் பக்கத்துல இருந்தவகிட்ட மெதுவாத்தான் சொன்னா. அப்படி மெதுவாச் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு.

"பாவம்டி, இவளும் என்ன செய்வா. ஆனா அந்த மனுசன் மாதிரி பொறுமை வராது. அவர் போன அன்னைக்குக்கூட மோர் டம்ளரை வெச்சுட்டு அரை மணி நேரம் கத்துனா, செவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் காது அடைச்சுப் போச்சு. அவர் திருப்பி ஒரு வார்த்தை பேசல. எப்பேர்ப்பட்ட குணம்."

நூல் நின்னுருச்சு. அஞ்சு. மூணு. ரெண்டாவது தரமும் அதேதான்.

"என்ன தங்கச்சி, ஆச்சா?"ன்னார் பாய். ஆச்சு பாய்னேன். வெளிய வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. கண்ணுல துரு விழுந்துருச்சுன்னு சொன்னேன். பஞ்சவர்ணம் முந்தானையைச் சுருட்டி வாயால ஊதி ஒத்தடம் குடுத்தா.

ஜூலை 29, திங்கள்

லேத்துல ரெண்டு டிகிரி ஆப்பு ரெண்டு கடைஞ்சு வாங்கியாச்சு. உன் ஆப்பு ரெண்டும் வீட்டுல, அரிசிப் பானை மூடி மேல.

ஜூலை 30, செவ்வாய்

ஆடல.

பதினாலு பேரோட அடிவாரம் வரைக்கும் போயிட்டு வந்தோம். முப்பது, நாப்பது. நான் வேணும்னே செருப்பைக் கழட்டிட்டுத் தரையில உள்ளங்காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் இல்ல. பஞ்சவர்ணம், "இனி வெண்ணெய்க்கு எங்கடி போவேன்"னா. சூப்பர்வைசருக்குத் தவசியே போன் போட்டு நாளை மறுநாள் வண்டி வரும்னான், என்னமோ அவனே சரிபண்ணின மாதிரி.

அவளுகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாத் திரும்பினப்ப லேசா நடுங்குச்சு. பாய் முன்னாடியே சொன்னார், ரெண்டுக்கும் ஒரே ஆப்பு கிடையாது, ஆளோட சரியா இருந்தா காலியா இருக்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், மெதுவாப் போனா மூட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. மெதுவா வந்தோம்.

வண்டியைப் பழையபடி நம்ம வீட்டுச் செவத்தோரம், நீ படுத்துக் கிடந்த அதே இடத்துல நிப்பாட்டச் சொன்னேன். எல்லாரும் போனதும் சாக்பீஸ் எடுத்துட்டு அடியில போய் உன் எழுத்துப் பக்கத்துல எழுதுனேன். ஆளோட 5 – 5.

ஜூன் 2, ஞாயிறு

இன்னைக்கு ஜூலை முப்பத்தொண்ணு. நாளைக்கு வெள்ளென வண்டி கிளம்புது. அதுக்குள்ள இந்தப் பக்கத்தை எழுதிரணும்.

பாய்ட்ட நான் வீட்டுக்குள்ள வேலையா இருந்தேன்னு சொன்னது பொய். பதினோரு மணிக்கு மோர் கொண்டுவந்தேன். உன் கால் ரெண்டும் மட்டும் வெளிய தெரிஞ்சுது. ஒரு கால்ல செருப்பு இல்ல. டம்ளரை டயர் பக்கத்துல வெச்சுட்டு அந்தக் காலுகிட்டத்தான் பேசினேன். பதினாலு பொம்பளைகளைக் கூட்டி வந்து உக்கார வெச்சுட்டு நீ கீழ படுத்துப் பாப்பியாக்கும், ஊர் காறித் துப்பும்னு. உசத்தாதன்னு சொன்னப்ப கேட்டியான்னு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து உள்ளது எல்லாத்தையும். உங்க அம்மாவையும் இழுத்தேன். நீ பதில் பேசல. எப்பவும் பேசமாட்டியே, காதுல விழாதுன்னுதான சொல்லுவ, அதனால இன்னும் சத்தமாப் பேசினேன். கடைசியா, "அங்கயே கிட"ன்னு சொல்லிட்டு உள்ள போனேன்.

பன்னெண்டு மணிக்கு வந்தா டம்ளர் வெச்ச இடத்துலயே இருக்கு. மோர்ல எறும்பு.

பத்தரைக்கும் பதினொண்ணரைக்கும் நடுவுலன்னு டாக்டர் சொன்னார். எது வேணும்னு எனக்கே தெரியல. பத்தரைன்னா நான் திட்டினது எதுவும் உனக்குத் தெரியாது, ஆனா செத்துப்போன காலோட நான் அரை மணி நேரம் சண்டை போட்டிருக்கேன். பதினொண்ணரைன்னா நீ மூச்சு முட்டிக்கிட்டு அத்தனையும் கேட்டுக்கிட்டுக் கிடந்திருக்க, கையை நீட்டினா எட்டுற தூரத்துல நான் நின்னுக்கிட்டிருந்தேன்.

அடியில எல்லாம் கேக்குது. நான் படுத்துப் பாத்துட்டேன், இனி அந்தப் பொய் செல்லாது. சொல்லு வண்டு, நான் பேசினதுல எதுவரைக்கும் உனக்குக் கேட்டுச்சு?